அளந்த பிறகு?

இந்த வருடம் பரிசை வாங்காமல் விடுவதில்லை என்று கில் மெடேரோஸ் சபதம் எடுத்தது பிப்ரவரி மாதத்து இருட்டுக் காலை ஒன்றில், குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால். சாட்சிக்கு ஆள் இல்லை. சபதம் எடுத்த வேகத்தில் விலா வலித்தது. அதனால் பாதிச் சபதத்தைத்தான் சத்தமாகச் சொல்ல முடிந்தது. மீதியை மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

பரிசு என்றால் ஒரு கண்ணாடிக் கேடயம். அதில் பெயர் பொறித்துத் தருவார்கள். மனித உடம்பை ஸ்கேன் செய்து எடுத்த படங்களைத் திறந்து, திருப்பி, வெட்டி, அளந்து பார்க்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதன் உள்வேலையைப் பார்க்கலாம், திருத்தவும் செய்யலாம். அப்படித் திருத்தித் திருத்தியே தலை நரைத்துப்போன பாஸ்டன் கூட்டத்தில் கில்லும் ஒருவர். அந்தக் கூட்டம் ஒவ்வொரு வசந்தத்திலும் பக்கத்துக் கேம்பிரிட்ஜில் கூடும்போது ஒரு போட்டி வைப்பார்கள். புதிதாக வருகிறவருக்கு மென்பொருளைச் சொல்லித்தருகிற மாதிரி ஒரு பாடம் எழுத வேண்டும். எதை அழுத்துவது, எங்கே இழுப்பது, என்ன தெரியும் என்று படிப்படியாக. ஒரு படி தவறினாலும் படிப்பவர் குப்புற விழுவார்.

கில் வருடம் தவறாமல் எழுதினார். வருடம் தவறாமல் தோற்றார். போட்டியை நடத்தும் டாக்டர் ஹில்டா வோகல் ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியத்தை அதே புன்னகையோடு சொல்வார்: "உங்க பாடம், ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்கு ரொம்ப நல்லாப் புரியுது." போன வருடம் குதிரைப் பல்லைப் பற்றி எழுதிய மாணவி ஒருத்தி கேடயத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது கில்லின் மனைவி ஒடெட் முள்ளங்கி நறுக்கிக்கொண்டே, "குதிரைக்குக்கூடக் கிடைச்சிடுச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

ஆனால் இந்த வருடம் கில்லின் கையில் யாரிடமும் இல்லாத ஒன்று இருந்தது. கையில் என்று சொல்வது தப்பு. வயிற்றில் இருந்தது.

ஜனவரியில் வாசற்படியில் உறைந்திருந்த பனிக்கட்டி அவரைக் கீழே தள்ளியது. அவசரப் பிரிவில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது விலாவில் இரண்டு விரிசல் என்றார் பணியில் இருந்த மருத்துவர். பிறகு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மருத்துவர்கள் எப்போது உட்காருவார்கள் என்பது கில்லுக்குத் தெரியும்.

"விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. வலது கிட்னியில ஒரு கட்டி தெரியுது. சின்னதுதான். ஆனா சீக்கிரமா இதுக்கான டாக்டரைப் பாக்கணும். பாப்பீங்கதானே?"

"பாக்காம?" என்றார் கில்.

வீட்டுக்கு வந்து, "ரெண்டு விலா. அவ்வளவுதான்" என்று ஒடெட்டிடம் சொன்னார். அவருடைய அப்பா ஓர் இலையுதிர் காலத்தில் இருமலுக்காக மருத்துவரிடம் போனவர். அடுத்த ஈஸ்டருக்கு உயிரோடு இல்லை. இருமலோடு சும்மா இருந்த காலத்தில் அவர் நன்றாகத்தான் இருந்தார் என்பது கில்லின் கணக்கு. வீட்டில் அப்பாவின் தொப்பி இன்னும் கொக்கியில் தொங்குகிறது. அதை எடுக்க யாருக்கும் மனசில்லை.

மருத்துவமனையிலிருந்து படங்களை வாங்கி வந்து, தான் வளர்த்த மென்பொருளில் தானே திறந்தார். கட்டியை அளந்தார். நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. வாழ்நாள் முழுக்க அளந்தே பிழைத்தவருக்கு, அளந்துவிட்டால் பாதி குணமானது போலத்தான் இருக்கும். கில்லுக்கும் அப்படித்தான் இருந்தது. சிறுநீரக மருத்துவரின் அலுவலகத்திலிருந்து வந்த குரல் தகவல்களை ஒவ்வொன்றாக அழித்தார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மற்றவர்களின் ஸ்கேனைப் பாடத்தில் போட மருத்துவமனைக் குழுவின் அனுமதி வேண்டும். அதற்குள் பனி உருகி, புல் முளைத்து, மறுபடியும் பனி விழுந்துவிடும். தன் ஸ்கேனுக்கு யார் அனுமதி வேண்டும்? பெயரை நீக்கினார். தேதியை நீக்கினார். 'நோயாளி' என்று மட்டும் எழுதினார். உள்ளே தண்டமாக உட்கார்ந்திருக்கிற கட்டி ஒரு வேலையாவது செய்யட்டும்.

ஒரே ஒரு சிக்கல். விலா வலியால் அன்று இடது கையை மேலே தூக்க முடியவில்லை. அதனால் கை வயிற்றின் மேலேயே கிடந்தபடிதான் படம் எடுத்திருந்தார்கள். படத்தை முப்பரிமாணமாகத் திருப்பினால் கை எலும்புகளும் விரலில் மோதிரமும் பளிச்சென்று தெரிந்தன. மென்பொருளில் அதற்கும் வழி உண்டு. பார்க்க வேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு பெட்டி போட்டால் பெட்டிக்கு வெளியே இருப்பது மறைந்துவிடும். கில் பெட்டியைப் போட்டார். கை மறைந்தது.

போட்டிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்த மென்பொருளைத் தொட்டே பார்க்காத ஒருவர், எழுதியவர் பக்கத்தில் இல்லாமல், பாடத்தைத் தனியாகச் செய்து பார்த்திருக்க வேண்டும். மெட்ஃபோர்டில் அவர்கள் குடியிருந்த மூன்றடுக்கு வீட்டில் அப்படிப்பட்டவர்கள் இரண்டு பேர். கீழ்த்தளத்துக் கஃப்னி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொலைக்காட்சியை அணைக்கவே தெரியாதவர். மற்றவர் ஒடெட். கார் ஓட்டக் கற்றுத்தருகிற பள்ளியில் ஆசிரியை. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கற்றுத்தந்தவள்.

"ஒடெட், ஒரு உதவி."

"பனி அள்ள மாட்டேன்."

"அது இல்ல. என் பாடத்தைச் செஞ்சு பாக்கணும்."

"இத்தனை வருஷம் கேக்கல."

"இத்தனை வருஷம் தோத்துட்டேன்ல."

அவள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "இதுல யாரு?"

"யாரோ ஒரு நோயாளி."

"பாவம்" என்றாள் ஒடெட்.

நிபந்தனைப்படி கில் கீழே போய்க் கஃப்னியோடு சீட்டாடினார். வெளியே பனியும் மழையும் கலந்து சாம்பல் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கஃப்னி, தன்னோடு வேலை பார்த்தவர்களில் செத்துப்போனவர்களை வரிசையாகச் சொன்னார். எல்லோரையும் ஏதோ ஓர் உறுப்பு கைவிட்டிருந்தது. கில் சீட்டைக் கவிழ்த்துவிட்டு மேலே வந்தபோது அடுப்பில் கீரை சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஒடெட் கணினியை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சேன். மூணாவது படியில 'அழுத்தவும்'னு எழுதியிருக்க. எதைன்னு எழுதல."

"அது தெரியுமே."

"உனக்குத் தெரியும். 'மிதி'ன்னு மட்டும் சொன்னா என்கிட்ட படிக்கிறது பிரேக்கை மிதிக்குமா, இல்ல இன்னொன்னை மிதிக்குமா?"

கில் திருத்திக்கொண்டார்.

"வலது கிட்னின்னு எழுதியிருக்க. படத்துல அது இடது பக்கமா இருக்கு."

"ஆள் நமக்கு எதிர்ல நிக்கிற மாதிரி வச்சுப் பாக்கணும். அவன் வலது நமக்கு இடது."

"அப்ப அவன் என்னைப் பாத்துக்கிட்டு நிக்கிறான்."

"அவன் யாரையும் பாக்கல. படம் விலாவுல இருந்துதான் ஆரம்பிக்குது. தலையே கிடையாது."

"ஆமா" என்றாள் ஒடெட். "தலை கிடையாதுதான்."

கில் அதையும் குறித்துக்கொண்டார்.

"கல்யாணம் ஆனவனா?"

"அதெல்லாம் ஸ்கேன்ல தெரியாது ஒடெட்."

"ஓ" என்றாள். எழுந்து போய் சூப்பைக் கிளறினாள். வெகுநேரம் கிளறினாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே, "உன் பாடம் முடியல கில்" என்றாள்.

"முடியலையா? திறந்து, கட்டியைக் கண்டுபிடிச்சு, ஓரம் வரைஞ்சு, அளந்தாச்சு. அவ்வளவுதான்."

"அளந்த பிறகு?"

"அளந்த பிறகு ஒண்ணுமில்ல."

"நான் ஒருத்தனுக்கு வண்டியைக் கிளப்பக் கத்துக்கொடுத்து, ரோட்டு நடுவுல விட்டுட்டு இறங்கி வந்துடுவேனா? அளந்துட்டு அவன் என்ன பண்ணணும்? சுவத்துல மாட்டிக்கணுமா?"

கில் தாடையைச் சொறிந்தார். வோகல் வருடாவருடம் சொல்கிற வாக்கியம் ஞாபகம் வந்தது. தெரியாதவர்களுக்குப் புரிய வேண்டும். தெரியாத ஒருத்தி கேட்கிறாள். கேட்பதை எழுதினால் என்ன? உட்கார்ந்து தட்டினார்: 'இந்த அளவை மருத்துவரிடம் காட்டவும்.'

ஒடெட் தோளுக்கு மேலிருந்து படித்தாள். "எப்ப?"

"உடனே."

"உன் உடனே வேற, என் உடனே வேற. குழாய் ஒழுகுதுன்னு சொன்னா நீ ஒரு வருஷத்தை உடனேங்கற."

'பத்து நாட்களுக்குள்' என்று எழுதினார்.

"ஏன்னு எழுது. ஏன்னு சொல்லாட்டி யாரும் போக மாட்டாங்க."

அந்த 'ஏன்' அவரை ஒரு வாரம் படுத்தியது. அதுவரை படிக்காமல் ஒதுக்கி வைத்திருந்த மருத்துவக் கட்டுரைகளை எல்லாம் பாடத்துக்காக என்று சொல்லிக்கொண்டு படித்தார். சின்னதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தவர்கள் பெரும்பாலும் நன்றாக இருந்தார்கள். எடுக்காமல் விட்டவர்களைப் பற்றிய பத்தியை இரண்டு தடவை படித்துவிட்டு, கணினியை மூடி, ஜன்னலுக்கு வெளியே அழுக்குப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுதினார்: 'இந்தக் கட்டி வலிக்காது. வலிக்காததால்தான் தள்ளிப்போடத் தோன்றும். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் அது வேலை செய்துகொண்டிருக்கிறது.' படித்துப் பார்த்தார். ரொம்ப இருட்டாக இருக்கிறதே என்று அழிக்கப் போனார்.

"அழிக்காத" என்றாள் பின்னாலிருந்து ஒடெட். "அது மட்டும்தான் எனக்குப் புரிஞ்சுது."

மார்ச் கடைசியில் கூட்டம் நடந்தது. அதுவரை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத ஒடெட் இந்த முறை தானே காரை எடுத்தாள். கூரையில் பள்ளியின் பெயர்ப் பலகை இருந்த கார் அது. கேட்டதற்கு, "மத்தியானம் எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கு" என்றாள். கில்லுக்கு நெஞ்சு நிறைந்தது. மனைவி வந்தால் ராசி என்று நினைத்துக்கொண்டார்.

அரங்கில் பாடத்தைச் செய்து காட்டினார். கட்டி திரையில் சுழன்றது. ஓரம் வரைந்தார். அளந்தார். கடைசிப் படியைத் தன் வாயாலேயே வாசித்தார். அரங்கம் அமைதியாகக் கேட்டது. ஜெயித்துவிட்டோம் என்று அந்த அமைதியில் அவருக்குத் தோன்றியது.

"கேள்விகள்?" என்றார் ஹில்டா வோகல்.

நடுவரிசையில் ஒரு கை உயர்ந்தது. பச்சைக் கோட்டு. ஒடெட்.

"இந்த ஆள் டாக்டர்கிட்டப் போனாரா?"

கில் தொண்டையைக் கனைத்தார். "அது... பாடத்துல வராது."

"பத்து நாளைக்குள்ள போகணும்னு இப்பதானே வாசிச்சீங்க. போனாரா இல்லையா?"

"எனக்குத் தெரியாது."

"போவாரா?"

அரங்கத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒடெட் சிரிக்கவில்லை. அவள் முகத்தைக் கில் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். கன்னம் ஒட்டியிருந்தது. எத்தனை நாளாக இப்படி இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

"போவார்" என்றார் மெதுவாக.

"எப்ப?"

"சீக்கிரமா."

வோகல் கடிகாரத்தைப் பார்த்தார். "மன்னிக்கணும், நமக்கு நேரம் ஆகுது."

"எனக்கும்தான்" என்றாள் ஒடெட். "ரெண்டரைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

எல்லோரும் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள். கில் கைதட்டலுக்கு நடுவே மேடையிலிருந்து இறங்கி, மேல்கோட்டை எடுத்துக்கொண்டு, பச்சைக் கோட்டின் பின்னால் நடந்தார்.

கார் ஆற்றைத் தாண்டியது. மழை பிடித்திருந்தது.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றார் கில்.

"ஏழாவது படி. 'பெட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்க்கலாம்'னு எழுதியிருந்த. இழுத்தேன்."

"உள்பக்கமா இழுக்கணும்."

"உள்பக்கமான்னு எழுதல."

கில் ஏழாவது படியை மனசுக்குள் வாசித்துப் பார்த்தார். எழுதவில்லைதான்.

"வெளியே இழுத்தேன். ஒரு கை வந்துச்சு. மோதிரம். கோணச் சுண்டுவிரல். கல்யாணமான வருஷம் அந்த விரலைக் கார்க் கதவுல வச்சு நசுக்கினதே நான்தான். எனக்குத் தெரியாதா?" அவள் கண் சாலையிலேயே இருந்தது. "முதல்ல செத்துப்போன ஆளோட கைன்னு தோணுச்சு. வயித்து மேல அப்படி வச்சிருந்துச்சு. அப்புறம்தான் நீ கீழே கஃப்னி வீட்ல இருமுறது கேட்டுச்சு."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே ஒடெட்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

கில் யோசித்துப் பார்த்தார். "சின்னதுதான்னு சொல்லியிருப்பேன்."

"நான் கத்தியிருப்பேன். நீ கீழே போய் சீட்டாடியிருப்ப. நான் சொல்லி நீ எதைக் கேட்ட? ஆனா நீயே எழுதினதுன்னா ஒரு கால்புள்ளியைக்கூட மாத்த மாட்ட." அவள் திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தாள். "மறுநாளே கிட்னி டாக்டருக்குப் போன் பண்ணினேன். எத்தனை தடவை கூப்பிட்டோம்னாங்க. கிடைச்ச முதல் தேதி இன்னைக்குத்தான். அதுவரைக்கும் தினமும் ராத்திரி நீ மூச்சு விடுறியான்னு கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். போதுமா?"

போதும் என்று கில்லுக்குத் தோன்றியது. காரின் கண்ணாடித் துடைப்பான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டே வந்தது.

ஏப்ரலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. சிறுநீரகத்தில் ஒரு துண்டைக் கட்டியோடு சேர்த்து எடுத்தார்கள். வந்திருந்தது கெட்டதுதான் என்று சோதனையில் தெரிந்தது. ஆனால் தன் உறையைத் தாண்டி வெளியே வரவில்லை. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வேற பேச்சு" என்றார் அறுவை மருத்துவர். இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்னாலும் ஒரு வாரம் தூக்கம் வராது. அது இனி எப்போதைக்குமானது. ஒடெட் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, அறைக்கு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று ஒரு தடவை அழுதாள். பிறகு வந்து, தலையணை சரியில்லை என்று தாதியிடம் சண்டை பிடித்தாள்.

அவர் படுக்கையில் இருந்தபோது ஹில்டா வோகல் பார்க்க வந்தார். கையில் ஒரு சாக்லேட் பெட்டி. கேடயம் இல்லை. கில் அதை முதலிலேயே கவனித்தார்.

"ரெண்டாவது இடம்" என்றார் வோகல். "இதுவரைக்கும் நீங்க எழுதினதுலயே இதுதான் உயர்ந்தது. தெரியாதவங்களுக்கும் புரிஞ்சுது. முதலிடம் நூலிழையில தவறிப்போச்சு."

"எதுல?"

"அந்தக் கடைசிப் படியில. மென்பொருளைத் தாண்டி மருத்துவ ஆலோசனை எதுவும் எழுதக்கூடாதுன்னு விதிமுறையில இருக்கே. கழிக்கத்தான் வேண்டியிருந்துச்சு. எனக்கு ரொம்ப வருத்தம். அந்தப் பக்கத்தைப் படிச்சிட்டு நானே என் டாக்டருக்குப் போன் பண்ணினேன்."

அவர் போன பிறகுதான் கில்லுக்கு உறைத்தது. இத்தனை வருடம் கலந்துகொண்ட போட்டி. விதிமுறையை முழுசாக ஒரு தடவைகூட அவர் படித்ததில்லை. ஒடெட் பக்கத்து நாற்காலியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒடெட். அந்த விதிமுறையை நீ படிச்சியா?"

"முதல் நாளே படிச்சேன்."

"அந்தப் பக்கத்தை எழுதினா எனக்குப் பரிசு போயிடும்னு தெரியும்?"

"தெரியும்."

கில்லின் கண்ணில் தண்ணீர் முட்டியது. தன் பெயர் பொறித்த கேடயத்தைவிடத் தன் உயிரைப் பெரிதாக நினைத்த ஒருத்தியைக் கட்டியிருக்கிறோம் என்று தோன்றியது. அவள் கையைப் பிடித்தார். "தெரிஞ்சும் எனக்காக எழுத வச்சியே" என்றார்.

ஒடெட் ஒரு சுளையை அவர் வாயில் வைத்தாள்.

"எப்படியும் உனக்குக் கிடைக்காதுன்னுதான் நினைச்சேன்" என்றாள்.